வண்ணத்தை அகற்றி வரைந்த கடல்: வின்ஸ்லோ ஹோமரின் பஹாமாஸ் நீர்வண்ணம், ஒரு நிகழ்வு ஆய்வு

சிகாகோ கலை நிறுவனத்தின் சேகரிப்பில் ஒரு நீர்வண்ண ஓவியம் இருக்கிறது. உயரம் 38 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். ஆண்டு 1899. வரைந்தவர் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். தலைப்பு ‘சூறாவளிக்குப் பிறகு, பஹாமாஸ்’. மணலில் ஒரு கறுப்பின இளைஞர் கிடக்கிறார். ஒரு கை தலைக்கு மேலே மடங்கியிருக்கிறது. அவருடைய படகு உடைந்து பலகைகளாகச் சிதறியிருக்கிறது. பின்னால் கடல் இன்னும் அடங்கவில்லை. அலைகளின் முகடுகள் வெள்ளையாக உடைகின்றன. மேகங்கள் விலகத் தொடங்கி வெளிச்சம் கசிகிறது. அவர் மயங்கிக் கிடக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பதை ஓவியர் நம்மிடமே விட்டுவிட்டார்.

இந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பயணம் ஓர் ஓவியரின் கையை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். பயண ஓவியம் என்றாலே புதிய இடம், புதிய காட்சி என்று நினைத்துவிடுகிறோம். ஹோமர் விஷயத்தில் காட்சி மாறியதைவிட, தாளின் மேல் அவர் செய்த வேலை மாறியதுதான் பெரிய செய்தி. அருங்காட்சியகத்தின் பதிவேடு இந்தப் படத்தின் ஊடகத்தைக் குறிப்பிடும் விதமே அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஒளிபுகும் நீர்வண்ணம், ஆங்காங்கே சிறிது ஒளிபுகா வண்ணம், அதோடு மறுபடி நனைத்தல், ஒற்றி எடுத்தல், சுரண்டுதல். அடியில் பென்சில் கோடு. கடைசியாகச் சொன்ன மூன்று செயல்களும் வண்ணத்தைச் சேர்ப்பவை அல்ல. பூசியதை எடுப்பவை. இந்தக் கடலின் வெளிச்சத்தில் பெரும் பகுதி பூசாமல் விட்டதாலும் பூசியதை எடுத்ததாலும் வந்தது.

நாசோவுக்கு முன்: சாம்பல் நிறக் கடல்

ஹோமர் 1836இல் பாஸ்டனில் பிறந்தவர். தாயார் ஹென்ரியெட்டா நீர்வண்ணத்தில் பூக்கள் வரைந்தவர். மகன் கல்லச்சுக் கூடத்தில் தொழில் பழகி, பிறகு ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்குச் சித்திரக்காரராக அமெரிக்க உள்நாட்டுப் போரின் முகாம்களை வரைந்தார். நீர்வண்ணத்தை முழுமையாகக் கையில் எடுத்தது 1873 கோடையில், மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில். அப்போது அவருக்கு வயது 37. அன்றைய அமெரிக்காவில் நீர்வண்ணம் எண்ணெய் ஓவியத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டதில்லை. அதை மதிப்புக்குரிய ஊடகமாக நிலைநிறுத்தவே 1866இல் நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்க வேண்டியிருந்தது.

1881 வசந்தத்தில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டனிலோ பாரிஸிலோ தங்கவில்லை. வடகடல் ஓரத்தில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவர் ஊருக்குப் போய், 1882 நவம்பர் வரை அங்கேயே இருந்தார். வலை சுமக்கும் பெண்கள், கரையில் காத்திருக்கும் குடும்பங்கள், மீட்புப் படகுகள் என்று அந்த ஊர் முழுவதும் அவர் தாள்களில் இறங்கியது. 1881 அக்டோபரில் டைன்மவுத் அருகே ‘அயர்ன் கிரவுன்’ என்ற கப்பல் கரைதட்டியபோது, அந்தக் காட்சியையும் நீர்வண்ணத்தில் வரைந்தார்.

கல்லர்கோட்ஸ் கால ஓவியங்களைக் கவனித்தால் கைமுறை தெளிவாகப் புரிகிறது. பெரிய தாள், யோசித்து அமைத்த உருவங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய மெல்லிய பூச்சுகள், சாம்பல், பழுப்பு, மங்கிய நீலம். வடகடலின் ஈரக் காற்றில் ஒரு பூச்சு காயக் காத்திருந்து அடுத்ததைப் பூசுகிற பொறுமை அந்தப் படங்களில் இருக்கிறது. ஒற்றி எடுப்பதும் சுரண்டுவதும் ஆங்கிலேய நீர்வண்ணக்காரர்களிடம் அதற்கு வெகுகாலம் முன்பே வழக்கத்தில் இருந்தவை. அவர்களில் ஒருவரான டர்னர் கட்டைவிரல் நகத்தாலேயே தாளைக் கீறுவார். ஆக, ஹோமர் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. தெரிந்த உத்திகளைத் தெரியாத வெளிச்சத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியபோது அவை வேறு வேலை செய்யத் தொடங்கின. சோதனை என்ற சொல்லை நான் இந்தப் பொருளில்தான் இங்கே பயன்படுத்துகிறேன்.

கேட்டது விடுதி, வரைந்தது உழைப்பு

1884 டிசம்பரில் ‘செஞ்சுரி’ இதழ் அவரை பஹாமாஸின் தலைநகரான நாசோவுக்கு அனுப்பியது. பஹாமாஸ் அப்போது பிரிட்டிஷ் காலனி. குளிருக்குப் பயந்த வட அமெரிக்கப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடமாக நாசோ வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிய கட்டுரைக்குப் படங்கள் வேண்டும் என்பதுதான் ஹோமருக்குக் கிடைத்த வேலை. அவர் 1885 தொடக்கம் வரை அங்கே இருந்தார்; பிறகு கியூபாவுக்குப் போனார்.

இதழுக்குத் தேவையானவை கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவர் கண் போன இடம் விடுதி வராந்தா அல்ல. கடற்பஞ்சு எடுப்பவர்கள், ஆமை பிடிப்பவர்கள், சுறா வேட்டையாடுபவர்கள், சங்குக்காக மூழ்குபவர்கள் ஆகியோரைத்தான் அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். 1885ஆம் ஆண்டின் ‘சங்கு குளிப்பவர்கள்’ ஓவியம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூத்துக்குடி பக்கத்து வாசகருக்கு அந்தத் தலைப்பே போதும், படம் கண்முன் வந்துவிடும். சங்கின் இனம் வேறு, கடல் வேறு, மூச்சடக்கி இறங்கும் பாடு ஒன்றுதான். பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஹோமர் போனபோது அதற்கு 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வரைந்தவர்கள் விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும். கடலை நம்பிப் பிழைத்தவர்கள். அன்றைய அமெரிக்க இதழ்களில் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாகவே வரையும் வழக்கம் இருந்தது. ஹோமரின் பஹாமாஸ் தாள்களில் அது இல்லை. தோளின் திருப்பம், கயிற்றை இழுக்கும் கையின் இறுக்கம், நீரிலிருந்து ஏறும் முதுகின் பளபளப்பு என உழைக்கும் உடலை உழைக்கும் உடலாகவே பார்த்தார். இந்த மரியாதை என் கண்ணில் அவருடைய நீலங்களைவிடப் பெரியது.

அந்த நீரின் நிறம் எங்கிருந்து வருகிறது

பஹாமாஸ் கடலை முதலில் பார்க்கும் ஓவியர் திகைப்பதற்குக் காரணம் நிலவியலில் இருக்கிறது. தீவுக்கூட்டம் நிற்பது சுண்ணாம்புப் பாறையாலான பெரிய மேடைகளின் மேல். அந்த மேடைகளில் நீர் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் சில மீட்டர்கள்தான். அடியில் இருப்பது வெளுத்த சுண்ணாம்பு மணல். வண்டல் கொண்டுவந்து கொட்டும் பெரிய ஆறுகள் இல்லை. மிதவை உயிரிகளும் குறைவு என்பதால் நீர் கண்ணாடியாக இருக்கும். வெயில் நீருக்குள் இறங்கி, வெண்மணலில் பட்டு, மீண்டும் மேலே வருகிறது. போய் வரும் வழியில் சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிவிடுகிறது; மிஞ்சுவது பச்சை கலந்த நீலம். மேடை முடியும் இடத்தில் கடல் செங்குத்தாக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே நிறம் ஒரே கோட்டில் அடர்நீலமாக மாறும்.

இதை ஓவியர் கண்ணால் படித்தால் ஒன்று புலப்படும். வடகடலில் வெளிச்சம் நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பியது. நாசோவில் வெளிச்சம் நீரின் அடியிலிருந்து வந்தது. ஒளிபுகும் நீர்வண்ணம் வேலை செய்வதும் இதே முறையில்தான். ஒளி மெல்லிய வண்ணப் படலத்தைக் கடந்து, வெள்ளைத் தாளில் பட்டு, அதே படலத்தின் வழியாகத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வெண்மணலின் இடத்தில் வெள்ளைத் தாள்; ஆழமில்லாத நீரின் இடத்தில் ஒற்றைப் பூச்சு. அந்தக் கடலும் அந்த ஊடகமும் ஒரே இயற்பியலில் நிற்கின்றன. அடுக்கடுக்காகப் பூசினால் அடித்தாளின் வெண்மை மூடிப்போகும். மூடினால் கடல் செத்துவிடும். ஹோமர் பூச்சுகளைக் குறைத்தது, இந்த இடம் வேறு வழி விடாததால். 1885ஆம் ஆண்டுத் தாள்களிலேயே கல்லர்கோட்ஸின் சாம்பல் அடுக்குகள் காணாமல் போய்விடுகின்றன. ஒரே இழுப்பில் விழுந்த நீலமும் பூசப்படாத தாளும் அவற்றின் இடத்துக்கு வந்துவிடுகின்றன.

இன்னொரு துணையும் அவருக்கு இருந்தது. 1860இல் அண்ணன் சார்லஸ் அவருக்கு ஒரு புத்தகம் பரிசளித்தார்: பிரெஞ்சு வேதியியலர் மிஷேல் யூஜீன் செவ்ரல் வண்ணங்களின் எதிரிணை பற்றி எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதை ஹோமர் தன் பைபிள் என்றே சொன்னதுண்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பது செவ்ரலின் அடிப்படைக் கண்டறிதல். இளஞ்சூடான மணலுக்கும் மரப்பலகையின் பழுப்புக்கும் பக்கத்தில் வைக்கும்போது வெளிர்நீலம் தன் பலத்துக்கு மேலாக நீலமாகத் தெரியும். அதனால் நீலத்தைத் தடிப்பாக்க வேண்டிய அவசியமே குறைகிறது.

மூன்று வெள்ளைகள்

1898 குளிர்காலத்தில் ஹோமர் மீண்டும் பஹாமாஸ் போனார்; 1899 தொடக்கம் வரை இருந்தார். தந்தை 1898இல்தான் காலமாகியிருந்தார். ஓவியருக்கு வயது 62. முதல் பயணத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மெய்ன் மாநிலத்தின் ப்ரவுட்ஸ் நெக் பாறைக்கரையில் அலைகளை எதிரே வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் என்பதை மறக்கக்கூடாது. அலை எப்படி எழும், எங்கே உடையும், நுரை எப்படி வழியும் என்பது அவருக்கு மனப்பாடம். இந்த இரண்டாம் பயணத்தில் பிறந்தவைதான் ‘நாசோவில் ஒற்றைப்பாய்ப் படகு’, ‘கரையும் அலையும், நாசோ’, ‘ஆமைப் பட்டி’ போன்ற தாள்கள். நம் படமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இனி அந்தச் செயல்களை அருகில் போய்ப் பார்க்கலாம். நீர்வண்ணத்தில் வெள்ளையை வரவழைக்கக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு தண்ணீரைத் தருகிறது என்பதை என் மேசையில் செய்து பார்த்துத்தான் முழுமையாக உணர்ந்தேன்.

முதலாவது, பூசாமல் விடுவது. தூரிகை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. கிடைக்கும் வெள்ளை மிகப் பிரகாசமானது. ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மை. வெயில் நேராக விழும் அலை முகட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் இதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். வெப்பக் காற்றில் பூச்சு காய்வதற்குள் கண்ணும் கையும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, நனைத்து ஒற்றுவது. காய்ந்த பூச்சின் மேல் சுத்தமான நீரைத் தூரிகையால் தடவி, நிறம் இளகச் சில வினாடிகள் பொறுத்து, மையொற்றுத் தாளையோ துணியையோ அழுத்தி எடுக்க வேண்டும். தேய்க்கக்கூடாது; தேய்த்தால் தாளின் மேல்தோல் உரிந்துவிடும். முழு வெள்ளை கிடைக்காது. பிரஷியன் நீலம் போன்ற நிறங்கள் தாளின் நாரையே கறைப்படுத்துவதால் ஒரு மெல்லிய நீலச்சாயல் எப்போதும் தங்கிவிடும். அந்தச் சாயல்தான் இந்த முறையின் சிறப்பு. ஓரங்கள் மங்கி, வெளிச்சம் நீருக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். உடைந்து பரவிய நுரையின் அடியில் தெரியும் நீர், விலகும் மேகத்தின் விளிம்பு ஆகியவற்றை வேறு எந்த வழியிலும் இவ்வளவு இயல்பாகக் கொண்டுவர முடியாது.

மூன்றாவது, சுரண்டுவது. தாள் முற்றிலும் காய்ந்த பிறகு பேனாக்கத்தியின் நுனியைப் படுக்கையாகப் பிடித்து இழுக்க வேண்டும். தாளின் சொரசொரப்பில் மேடான புள்ளிகளிலிருந்து மட்டும் வண்ணம் போகும். பள்ளங்களில் நீலம் அப்படியே நிற்கும். கிடைப்பது துண்டுதுண்டான வெள்ளை. காற்றில் சிதறும் திவலைக்கும் நீர்மேல் துள்ளும் ஒளிக்கும் அது அச்சாகப் பொருந்தும். கத்தியின் கூர் நுனியால் கீறினால் மெல்லிய வெள்ளைக் கோடு. பாய்மரக் கயிறு, அலையின் நூல் போன்ற விளிம்பு எதற்கும் ஆகும். உப்புத்தாளால் தேய்ப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஹோமர் அதையும் பயன்படுத்தியிருக்கிறார்.

இந்த மூன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. அதை மாற்ற முடியாது. அந்தக் காலத்து நல்ல நீர்வண்ணத் தாள் கந்தல் துணி நாரில் செய்து, ஜெலட்டின் பசையில் தோய்த்துக் காயவைத்தது. அந்தப் பசைதான் வண்ணத்தை மேலேயே நிறுத்துகிறது. நனைத்து ஒற்றும்போது வண்ணம் இளகி வருவதும், கத்தி பட்டால் தாள் பஞ்சாகப் பிய்யாமல் இருப்பதும் அந்தப் பசையால்தான். சுரண்டிய இடத்தில் பசை போய்விடுகிறது. அதன்மேல் மறுபடி வண்ணம் வைத்தால் மையொற்றுத் தாளில் விழுந்த மை போல உறிஞ்சிக்கொண்டு கறுத்துவிடும். ஆகவே விடுவது முதலில், ஒற்றுவது நடுவில், சுரண்டுவது கடைசியில். ஓர் அலையில் இம்மூன்றும் இருந்தால், அந்த அலை குறைந்தது மூன்று முறை யோசிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வேகமாக, ஒரே மூச்சில் வரைந்தது போலத் தோன்றும் தாள் அது. உண்மையில் பூசி, காயவிட்டு, நனைத்து, எடுத்து, மறுபடி காயவிட்டுச் செய்தது. மெல்லிய பென்சில் கோடு அடியில் இருப்பதும் அதையே சொல்கிறது.

நம் படத்தில் இந்த வெள்ளைகளின் பங்கீடு உணர்ச்சியோடும் சம்பந்தப்பட்டது. கடலும் வானமும் எடுக்கப்பட்ட வண்ணத்தால் ஒளிர்கின்றன. மணலில் கிடக்கும் மனிதர் அப்படி அல்ல. அவர் உடல் அடர்ந்த, அசையாத நிறங்களால் கட்டப்பட்டிருக்கிறது. படம் முழுவதும் விலகிக்கொண்டும் உடைந்துகொண்டும் இருக்க, கனமாக இருப்பது அவர் ஒருவர்தான். இந்தக் கனத்தைக் கோடு போட்டுக் காட்டவில்லை, பொருளின் நடத்தையால் காட்டினார் ஹோமர். உடலிலும் அங்கங்கே கத்தியைப் போட்டு ஈரத்தின் மினுமினுப்பைக் கொண்டுவந்திருக்கலாம். சங்கு குளிப்பவர்களின் முதுகை அவர் பளபளக்க வைத்தவர்தான். இங்கே அந்தப் பகட்டு வேண்டாம் என்று விட்டிருக்கிறார். இந்த அடக்கம் ஒரு பெரிய ஓவியருக்கே வரும்.

அவர் பார்த்த சூறாவளி எது

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. ஹோமர் பஹாமாஸில் இருந்த மாதங்கள் டிசம்பரும் அதற்குப் பிந்தியவையும். 1866இல் நாசோவை ஒரு பெரும் சூறாவளி அழித்தது. அதன் நினைவு ஊரில் இருந்திருக்கும். 1899 ஆகஸ்டில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சீரழித்த சூறாவளி பஹாமாஸையும் தாக்கியது. அதற்குள் ஹோமர் ஊர் திரும்பிவிட்டார். எனவே இந்தக் காட்சியை அவர் கரையில் நின்று நேரில் கண்டு வரைந்தார் என்று கொள்வது கடினம்.

இதனால் படத்தின் மதிப்பு குறைகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயணத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு நிகழ்ச்சியின் சாட்சியத்தை அல்ல. அந்த நீர் எப்படி ஒளிரும், அந்த மேகம் எப்படி விலகும், அந்தப் படகின் பலகை எவ்வளவு மெல்லியது என்ற அறிவை. அந்த அறிவு இருந்தால் பார்க்காத சூறாவளியின் மறுநாளை வரைய முடியும். அறிவு இல்லாமல் நேரில் நின்றாலும் வரைய முடியாது. பயண ஓவியம் என்பதை ‘அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தது’ என்று மட்டும் குறுக்கிவிடும் இன்றைய பழக்கத்துக்கு இந்தத் தாள் நல்ல மறுப்பு.

1899ஆம் ஆண்டிலேயே அவர் எண்ணெய் வண்ணத்தில் ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ படத்தை வரைந்தார். அட்லாண்டிக்கில் ஓடும் வெப்ப நீரோட்டம் ஒன்றின் பெயர் அது. பாய்மரம் முறிந்த படகில் ஒரு கறுப்பினத்தவர்; சுற்றிலும் சுறாக்கள்; தொலைவில் நீர்த்தாரைச் சுழல்; அடிவானத்தில் அவரைப் பார்க்காமல் போகும் ஒரு கப்பல். 1906இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் விளக்கம் கேட்டபோது ஹோமர் எரிச்சலடைந்தார். கல்ஃப் ஸ்ட்ரீமைத் தான் பத்து முறை கடந்திருப்பதாகவும், அதைப் பற்றித் தனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் 1902இல் தன் விற்பனையாளருக்கு எழுதினார். ‘சூறாவளிக்குப் பிறகு’ படத்தை அந்த எண்ணெய் ஓவியத்தின் கதை முடிவாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு சற்று அவசரமாகப் படுகிறது. எண்ணெய் ஓவியம் ஒரு நாடகம். எல்லா ஆபத்துகளையும் ஒரே மேடையில் கூட்டிவைக்கிறது. நீர்வண்ணத்தில் ஆபத்து முடிந்துவிட்டது. இதில் இருப்பது விளைவு மட்டுமே. அதைச் சொல்லச் சிறிய தாளும் மெல்லிய பூச்சும் போதுமானவை. பெரிய திரைச்சீலை தேவைப்படவில்லை.

வெறுமையா, மங்கலா

ஹோமரின் வெள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தே வர வேண்டும். சிகாகோ கலை நிறுவனத்தில் அவருடைய இன்னொரு நீர்வண்ணம் இருக்கிறது. 1887இல் வரைந்தது, வயலில் நிற்கும் பண்ணைச் சிறுவன். அதன் வானம் ஏறத்தாழ வெறும் தாள். துணிச்சலான நவீன வெறுமை என்று யாரும் புகழ்ந்துவிடக்கூடிய வானம். பாதுகாப்பு வல்லுநர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது தாளின் நாருக்குள் சிக்கிக்கொண்ட வண்ணத் துகள்கள் தெரிந்தன. அவை என்ன என்று கண்டுபிடிக்க, மேற்பரப்பால் பெருக்கப்படும் ராமன் நிறமாலையியல் உதவியது. 1970களில் இந்த நுட்பத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் வான் டைனின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் சிகாகோவின் பக்கத்திலேயே இருந்தது வசதியாயிற்று. வெள்ளி நுண்துகள்களின் மேல் வைத்த சின்னஞ்சிறு மாதிரியில் லேசர் ஒளியைச் செலுத்தினால், சாதாரணமாகக் கேட்காத அளவு மெல்லிய வேதிக் கையொப்பம் பன்மடங்கு பெருகி வரும். கிடைத்த விடை: காக்கினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பும், மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுத்த நிறமும். அந்த வானம் ஒருகாலத்தில் எரியும் அந்திச் சிவப்பாக இருந்தது. வெளிச்சத்தில் தொங்கித் தொங்கி நிறம் பறந்துவிட்டது.

உயிரினங்களிலிருந்து எடுத்த இத்தகைய நிறங்கள் ஒளியில் அழியும் என்பது அன்றைக்கே தெரியத் தொடங்கியிருந்தது. 1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நீர்வண்ணங்களின் மேல் ஒளி செய்யும் வேலையைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார்கள். இதைச் சுற்றி எழுந்த வாக்குவாதம் ஓவியர்கள், வண்ணத் தயாரிப்பாளர்கள், சேகரிப்பாளர்கள் எல்லோரையும் உலுக்கியது.

நம் ஆய்வுக்கு இது ஏன் முக்கியம்? ஒரு நீர்வண்ணத்தில் வெள்ளையைக் கண்டால் அது ஓவியர் விட்ட வெள்ளையா, எடுத்த வெள்ளையா, காலம் பறித்த வெள்ளையா என்று கேட்டாக வேண்டும். மூன்றாவதை முதலாவதாக நினைத்து ‘சோதனை முயற்சி’ என்று பட்டம் கட்டிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. சுரண்டலுக்கும் ஒற்றலுக்கும் பருப்பொருள் சான்று இருக்கிறது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் கத்தி சென்ற தடம் நிழலாகத் தெரியும்; நார் எழும்பியிருக்கும்; ஒற்றிய இடத்தின் ஓரத்தில் நிறம் ஒதுங்கிய கரை இருக்கும். ‘சூறாவளிக்குப் பிறகு’ தாளின் ஊடக விவரத்தில் மறுநனைப்பும் ஒற்றலும் சுரண்டலும் இடம்பெற்றிருப்பது இத்தகைய நெருக்கமான பார்வையின் பலன். இந்தக் கடலின் நுரை ஒரு கை செய்த செயல் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஹோமரின் வண்ணப்பெட்டி ஒன்று போடோயின் கல்லூரி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பதும் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரிய சொத்து.

பிறகு நடந்தது

பஹாமாஸ், பெர்முடா நீர்வண்ணங்களில் ஒரு தொகுதியை ஹோமர் 1901இல் பஃபலோ நகரின் பான்-அமெரிக்கன் கண்காட்சிக்கு அனுப்பினார். அவற்றைத் தன் சிறந்த வேலைகளில் சேர்த்தே மதித்தார். 1910இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய நீர்வண்ணங்கள் பன்னிரண்டை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ப்ரவுட்ஸ் நெக்கில் அவர் காலமானார். எதிர்காலத்தில் தன் நீர்வண்ணங்களால்தான் தான் வாழப்போவதாக அவர் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு. அது பலித்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இன்று பயணம் போகும் நம் ஓவியர்கள் பலர் வெள்ளைக் கௌவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) டியூபையும், வண்ணம் படாமல் தாளை மூடிவைக்கும் மறைப்புப் பசையையும் கையோடு கொண்டுபோகிறார்கள். இரண்டும் பயனுள்ளவையே. இருந்தாலும் ஒரு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்ததும், அந்தக் கடலில் வெளிச்சம் மேலிருந்து திரும்புகிறதா, அடியிலிருந்து வருகிறதா, திவலையாகச் சிதறுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எந்த வெள்ளை வேண்டும் என்று முடிவு செய்தால், படம் அந்த ஊருக்கு உரியதாக மாறும். சுரண்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள முழுப் பருத்தித் தாளில் தொடங்குவது நல்லது. மரக்கூழில் செய்த மலிவான தாள் முதல் கீறலிலேயே பிய்ந்துவரும். குறை தன் கையில்தான் என்று ஆரம்பநிலை மாணவர் வீணாக மனம் உடைந்துபோவார்.

ஒளியில் மங்கும் என்பதால் நீர்வண்ணங்களை அருங்காட்சியகங்கள் ஆண்டு முழுவதும் சுவரில் வைப்பதில்லை. சிகாகோவுக்குப் போனாலும் அந்தத் தாள் அன்று வெளியே இருக்கும் என்று உறுதியில்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நல்ல தெளிவுள்ள படம் இருக்கிறது. அதைத் திரையில் பெரிதாக்கி, முதலில் அலை முகடுகளைப் பாருங்கள். பிறகு மேகத்தின் விளிம்பு. பிறகு உடைந்த பலகைகளின் ஓரம். கூர்மையான ஓரம், மங்கிய ஓரம், புள்ளிபுள்ளியாக உடைந்த வெள்ளை என்று பிரித்து அடையாளம் காணப் பழகிவிட்டால், எந்த இடத்தில் தூரிகை ஒதுங்கிப் போனது, எந்த இடத்தில் ஒற்றுத்தாள் அழுந்தியது, எந்த இடத்தில் கத்தி இறங்கியது என்பதை நீங்களே வாசித்துவிடலாம்.